எம்.ஏ. ஆங்கிலம் ப்ராஜெக்ட்: நாவலை விட்டுவிட்டு, லீவு கேட்கும் இங்கிலீஷை எடுக்கலாமா?

முக்கூடல்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் எம்.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. நான்காவது செமஸ்டரில் ப்ராஜெக்ட். இன்னும் பதினைந்து நாளில் தலைப்பும் சினாப்சிஸும் கொடுத்தாக வேண்டும். வகுப்பில் அநேகமாக எல்லோரும் ஆளுக்கொரு நாவலை எடுத்தாயிற்று. எனக்கும் நாவல் பிடிக்கும். ஆனால் போன வருடத்திலிருந்து மனசு வேறொன்றில் கிடக்கிறது. அதைக் கேட்கத்தான் வந்தேன்.

நான் வகுப்புப் பிரதிநிதி. லீவு போடுகிறவர்கள் துறைத் தலைவருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிவிட்டு அதையே எனக்கும் அனுப்ப வேண்டும், இங்கிலீஷில்தான் அனுப்ப வேண்டும் என்பது எங்கள் துறையில் வழக்கம். வந்தவற்றை நான் அழிக்கவில்லை. ஒன்று இப்படி இருக்கிறது: "சார், டுடே ஐ ஆம் நாட் கம் சார். மை மதர் ஹாஸ்பிட்டல் அட்மிட் சார். ப்ளீஸ் சார்." மூன்று வரிக்குள் நான்கு சார். இதே பையன் அன்றைக்கு எனக்குத் தனியாக அனுப்பியது: "எல, அம்மாக்கு முடியல. ஆஸ்பத்திரில இருக்கோம். சார்ட்ட பாத்துச் சொல்லிரு."

முதலில் இதையெல்லாம் தப்பு என்றுதான் பார்த்தேன். என் இங்கிலீஷும் அப்படித்தான் இருந்தது என்பதால் தப்பைப் பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் இருபது முப்பது செய்தி சேர்ந்த பிறகு, எல்லோரும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி எழுதுகிறார்கள் என்று தெரிந்தது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை. களக்காட்டுப் பையனும் எழுதுகிறான், பேட்டையிலிருந்து வருகிற பெண்ணும் எழுதுகிறாள். அத்தனை பேரும் ஒரே மாதிரி செய்தால் அதற்குள் ஒரு கணக்கு இருக்க வேண்டும் அல்லவா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் அம்மா பீடி சுற்றுகிறார். சாயங்காலம் சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு மறுநாளைக்கு இலையும் தூளும் வாங்கி வர நானும் சில நாள் கூடப் போவேன். போன வாரம் அம்மா கடைக்காரரிடம் சொன்னது காதிலேயே நிற்கிறது: "அண்ணாச்சி, நேத்து எல பூராவும் பொத்தலா இருந்துச்சு. இன்னைக்குக் கொஞ்சம் பாத்துத் தாங்களேன் அண்ணாச்சி." இதற்கும் அந்த லீவு செய்திக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று தோன்றுகிறது, ஆனால் என்னவென்று எடுத்துச் சொல்லத் தெரியவில்லை.

ப்ராஜெக்டுக்கு வழிகாட்டும் கைடிடம் சொன்னேன். "இதற்குப் புத்தகம் எங்கே இருக்கிறது? எதை வைத்து ஐந்து சாப்டர் எழுதுவாய்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இது ஆய்வேடு ஆகுமா? எத்தனை செய்தி இருந்தால் போதும்? எதைப் படிக்க வேண்டும்? இந்த வழியில் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

தென்காசித் தூறல் எழுதியது:

தம்பி, உன் ஆசை நல்ல ஆசை. ஆனாலும் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். நானும் மொழியியல் பக்கம்தான் போனேன், உச்சரிப்பைப் பற்றி. என் கைடுக்கு அது பழக்கமில்லாத பாடம். எழுதிக் கொடுத்த சாப்டர் திரும்பி வரவே ஒரு மாதம் ஆகும், வரும்போது கமா மட்டும் திருத்தியிருக்கும். கடைசி மாதம் தனியாகக் கிடந்து அழுதேன். நாவல் எடுத்த தோழிகள் எல்லாம் அதற்குள் பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டார்கள்.

வேண்டாம் என்று தடுக்கவில்லை. கைடு உனக்கு எவ்வளவு நேரம் தருவார் என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள். வெளியில் வழிகாட்ட ஒருவராவது இருக்க வேண்டும். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் பரீட்சையும் கூடவே வருகிறது, அதையும் யோசித்துக்கொள்.

---

அம்பை டீச்சர் எழுதியது:

தம்பி முக்கூடல், உன் கேள்வியைப் படித்துவிட்டு ராத்திரி அலமாரியைத் திறந்து என் பழைய ப்ராஜெக்டை எடுத்துப் பார்த்தேன். நான் எடுத்ததும் லீவு லெட்டர்தான். பதினாலு வருடம் ஆகிறது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

ஆய்வேடு ஆகுமா என்றால், கண்டிப்பாக ஆகும். வேண்டுகோளை மக்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்பது மொழியியலில் நன்றாக உழுத நிலம். புளும்-குல்கா, ஹவுஸ், காஸ்பர் மூவரும் சேர்ந்து 1989-ல் கொண்டுவந்த தொகுப்பு முழுக்க வேண்டுகோளும் மன்னிப்பும்தான். ஒரு வேண்டுகோளை அவர்கள் மூன்றாகப் பிரிப்பார்கள்: கூப்பிட்டுக் கவனத்தைத் திருப்பும் சொல், கேட்கிற வரி, அந்த வரிக்கு முட்டுக்கொடுக்கிற காரணங்கள். உன் நண்பனின் செய்தியை இதில் போட்டுப் பார். 'சார்' கூப்பிடுகிற சொல். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தது முட்டு. கேட்கிற வரி எங்கே? வெறும் 'ப்ளீஸ் சார்' மட்டும்தான். என்ன வேண்டும் என்று அவன் சொல்லவே இல்லை, காரணத்தைச் சொன்னால் சாருக்கே புரியும் என்று விட்டுவிட்டான். ஒரு சாப்டருக்கு இதுவே விதை.

கைடு புத்தகம் கேட்டார் அல்லவா? பிரவுனும் லெவின்சனும் மரியாதை மொழியைப் பற்றி 1978-ல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள், 1987-ல் அது தனிப் புத்தகமாக வந்தது. இந்தத் துறையில் யார் எழுதினாலும் அதைத் தொடாமல் போக முடியாது. அந்தப் புத்தகம் எந்த மொழிகளை வைத்து எழுதப்பட்டது தெரியுமா? இங்கிலீஷ், மெக்சிகோவில் பேசுகிற ட்செல்டால், அப்புறம் நம் தமிழ். லெவின்சன் கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருந்து சேகரித்த தமிழ். உலகம் முழுக்க மரியாதையைப் பற்றி ஆராய்கிறவர்கள் தமிழ்க் கிராமத்துப் பேச்சை மேற்கோள் காட்டும்போது, பாளையங்கோட்டையில் இருக்கும் உனக்குப் புத்தகம் இல்லையா? இதைக் கைடிடம் அப்படியே சொல். என் யோசனை ஒன்று: தமிழில் '-ங்க' செய்கிற வேலையை உங்கள் பிள்ளைகளின் இங்கிலீஷில் 'சார்' செய்கிறது. இங்கிலீஷ் வினைச்சொல்லில் மரியாதை ஒட்டாது, ஆகவே வெளியில் ஒரு சொல்லைக் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள்.

இனி என் கதை. நான் முதலில் செய்தது பெரிய பிழை. நூறு தாள் ஜெராக்ஸ் எடுத்தேன். 'பேராசிரியரிடம் நீங்கள் ஒரு புத்தகம் இரவல் கேட்க வேண்டும், என்ன சொல்வீர்கள்?' என்று பத்துச் சூழல் கொடுத்து, கீழே எழுத இடம் விட்டேன். இதற்கு டிஸ்கோர்ஸ் கம்ப்ளீஷன் டெஸ்ட் என்று பெயர், பெரிய ஆய்வுகளிலும் பயன்படுத்துவதுதான். நூறு தாளும் திரும்பி வந்தது. எல்லாத் தாளிலும் 'குட் யூ ப்ளீஸ்', 'வுட் யூ மைண்ட்'. இலக்கணத் தேர்வுக்குப் படித்ததை அப்படியே எழுதியிருந்தார்கள். தாளை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறேன், அதே வகுப்புப் பெண் ஒருத்தி வராந்தாவில் அவர்கள் மிஸ்ஸிடம் கேட்கிறாள்: "மிஸ், ரெக்கார்ட் நோட் கிவ் மிஸ்." இரண்டு மாத உழைப்பு அந்த ஒரு வரியில் போயிற்று. மொழியியலாளர் லேபோவ் 1962-ல் நியூயார்க்கில் மூன்று கடைகளுக்குப் போய், நான்காவது மாடியில் இருக்கிற பொருள் எங்கே என்று சும்மா விசாரித்தே 'ஃபோர்த் ஃப்ளோர்' என்பதை எப்படி உச்சரிக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார். ஆய்வு நடக்கிறது என்று தெரிந்தால் பேச்சு மாறிவிடும் என்பது அவருக்குத் தெரியும். அதைப் பாடமாகப் படித்து மார்க்கும் வாங்கியிருந்தேன், ஆனால் என் வேலையில் அது நினைவுக்கு வரவில்லை. உன் கையில் இருப்பது யாரும் ஆய்வுக்காக எழுதாத செய்தி. அதன் அருமை உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இவ்வளவு சொல்கிறேன்.

என்னைக் காப்பாற்றியது என் அத்தை. அவர் ஒரு பள்ளியில் டீச்சர். பிள்ளைகள் கொடுக்கிற லீவு லெட்டரைத் தூர எறியாமல் ஒரு செருப்பு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அதை வாங்கி வந்து தரையில் பரப்பினேன். முக்கால்வாசி ஒரே கடிதம்: "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் அனேபிள் டு அட்டெண்ட் த கிளாஸ். கைண்ட்லி கிராண்ட் மி லீவ்." ஆறாம் வகுப்பில் எழுதிப் போட்டதைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை எழுதுகிறார்கள். வயிற்றுவலிக்காரனும் ஃபீவர் என்றே எழுதுகிறான், மனப்பாடமான வாசகத்தில் அந்த நோய்தான் இருக்கிறது. இதில் மாணவனின் மொழி எதுவும் இல்லையே என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்போதுதான் ஆடி மாசத்துக் கடிதம் ஒன்று கையில் வந்தது. எட்டாம் வகுப்புப் பையன் எழுதியது. மேலே 'ரெஸ்பெக்டட் மேடம்', 'கைண்ட்லி கிராண்ட் மி லீவ்' எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அதற்குக் கீழே: "அவர் வில்லேஜ் கொடை மிஸ். மை பெரியப்பா ஒன்லி சாமியாடி மிஸ். நைட் ஃபுல் நோ ஸ்லீப் மிஸ்." காய்ச்சலுக்கு வாசகம் இருக்கிறது, கொடை என்கிற ஊர்க்கோவில் திருவிழாவுக்கு வாசகம் கிடையாது. சுடலைமாடன் கோவில் கொடைக்கும், பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு சாஸ்தா கோவிலுக்குப் போவதற்கும் எந்தப் பாடப்புத்தகமும் லீவு லெட்டர் எழுதித் தரவில்லை. அந்த இடத்தில் பையன் தானே வாக்கியம் கட்டுகிறான். 'பெரியப்பாதான்' என்பதில் உள்ள 'தான்' அங்கே 'ஒன்லி' ஆகி நிற்கிறது. 'பெரியப்பா சாமியாடி' என்று தமிழில் சொல்ல நடுவில் வினை வேண்டாம், அவன் இங்கிலீஷிலும் 'இஸ்' இல்லை. சாமியாடிக்கு இங்கிலீஷ் தேடி அவன் திண்டாடவும் இல்லை, அப்படியே வைத்துவிட்டான். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்த டப்பாவிலிருந்த கடிதங்களை மறுபடி பிரித்தேன். மனப்பாட வாசகம் எந்த வரியில் முடிகிறது என்று ஒவ்வொன்றிலும் பென்சிலால் கோடு போட்டேன். கோட்டுக்குக் கீழே இருந்ததுதான் என் ஆய்வேடு.

உனக்கும் அதையே சொல்கிறேன். ஒவ்வொரு செய்தியிலும் அந்தக் கோட்டைப் போடு.

படிக்க வேண்டியது: கார்டர் 1967-ல் எழுதிய கட்டுரை சின்னதுதான், கற்கிறவரின் பிழைகள் அவர் மனதில் உள்ள ஒழுங்கைக் காட்டும் என்கிறார். செலிங்கர் 1972-ல் அதற்கு இடைமொழி என்று ஒரு பெயரே கொடுத்தார். ஜென்னி தாமஸ் 1983-ல் எழுதியது உனக்கு மிகவும் நெருக்கமானது, இலக்கணம் சரியாக இருந்தும் எண்ணியது போய்ச் சேராமல் போகும் இடங்களைப் பற்றியது. இந்திய இங்கிலீஷைப் பற்றி கச்ரு எழுதியதைப் படி. இவ்வளவும் படித்தால், முன்பு வந்த ஆய்வுகளைச் சொல்லும் இரண்டாவது சாப்டர் எழுதிவிடலாம்.

ஐம்பது அறுபது செய்தி உன் மட்டத்துக்குப் போதும். கண்டிப்பாக ஒன்று செய்: எழுதிய ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கு. அவர்கள் லீவுக்காக அனுப்பியது, ஆய்வுக்காக அனுப்பியது இல்லை. வீட்டில் நடந்தது, ஆஸ்பத்திரி சமாச்சாரம் எல்லாம் அதில் இருக்கும். பெயரை எடுத்துவிட்டு எண் போடு. மாட்டேன் என்கிறவர்களுடையதைச் சங்கடப்படாமல் விட்டுவிடு.

---

முக்கூடல்காரன் எழுதியது:

டீச்சர், உங்கள் பதிலை நான்கு தடவை படித்துவிட்டேன். தூறல் அக்கா, நீங்கள் சொன்னபடி கைடிடம் நேரம் கேட்டேன். வியாழக்கிழமை மதியம் அரை மணி நேரம் தருவதாகச் சொன்னார். பிரவுன், லெவின்சன் புத்தகத்தில் தமிழ் இருக்கிறது என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதை நீ படித்துவிட்டு வந்து எனக்குச் சொல்" என்றார்.

பன்னிரண்டு நாளில் செய்தது: என் போனில் 61 செய்தி இருந்தது. இரண்டு பேர் கையெழுத்துப் போடவில்லை, அவர்களுடைய ஐந்தை எடுத்துவிட்டேன். மீதி 56. ஒரு நீள நோட்டில் எண் போட்டு எழுதிவிட்டு, அப்புறம் கணினியில் ஏற்றினேன். வேர்ட் தானாகவே எழுத்துப்பிழையைத் திருத்தி, சின்ன எழுத்தைப் பெரிய எழுத்தாக்கிவிட்டது. பத்துச் செய்தி போன பிறகுதான் கவனித்தேன். தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஏற்றினேன்.

'சார்', 'மேம்' இரண்டும் சேர்ந்து 131 தடவை வருகிறது. செய்தியின் தொடக்கத்தில் 38. மீதி 93-ம் வாக்கியத்தின் கடைசியில். நடுவில் ஒன்றுகூட இல்லை. கடைசி வரியில் கைகூப்பும் படம் போட்ட செய்திகள் பதினொன்று, அவற்றில் எட்டில் அந்த வரியில் சார் இல்லை. கை கூப்பியாகிவிட்டது, இனி சார் வேண்டாம் என்று விட்டதுபோல இருக்கிறது.

இப்போது சிக்கல் என்னவென்றால், புளும்-குல்கா பிரிவில் கூப்பிடுகிற சொல்லுக்கு வேண்டுகோளின் முன்னால்தான் இடம். என் 38 அதில் சரியாகப் போய் உட்கார்கிறது. 93-ஐ எங்கே வைப்பது? டீச்சர் சொன்ன '-ங்க' கணக்கில் வைக்கலாமா?

---

கோவையில் ஒரு நெல்லைக்காரன் எழுதியது:

எனக்கு மொழியியல் படிப்பு இல்லை. மேலப்பாளையத்தில் பிறந்து, பத்தொன்பது வருடமாகக் கோயம்புத்தூரில் கடை வைத்திருக்கிறேன். டீச்சர் சொன்ன ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வாக்கியத்தின் கடைசியில் '-ங்க' ஒட்டுவது இந்த ஊர்ப் பேச்சு. 'சரிங்க', 'இல்லீங்க', 'வந்தேனுங்க', 'ஏனுங்க' என்று எதற்குப் பின்னாலும் ஒட்டும். வந்த புதிதில் அது என் வாயில் நுழையவே இல்லை, இரண்டு வருடம் ஆயிற்று. நம் பக்கம் 'வாங்க', 'தாங்க' என்று ஏவும்போது உண்டு. ஆனால் 'வந்தேனுங்க' என்று திருநெல்வேலியில் யார் சொல்கிறார்கள்? 'வந்தேன் அண்ணாச்சி' என்போம். 'இல்ல டீச்சர்' என்போம். 'எப்ப வந்திய', 'நல்லா இருக்கியளா' என்று எதிரில் இருப்பவரைப் பற்றிய வினையில் மரியாதை வரும். நம்மைப் பற்றிப் பேசும்போது ஆளைக் கூப்பிட்டுத்தான் மரியாதை செய்வோம். மரியாதை மட்டுமா? 'வாலே' என்பது ஒரு படி, 'வாரும்வே' என்பது ஒரு படி, 'வாங்க அண்ணாச்சி' என்பது ஒரு படி. மூன்றிலும் வாலில் ஒன்று நிற்கிறது.

அந்த வெளிநாட்டுக்காரர் சேகரித்தது கோயம்புத்தூர்த் தமிழ் என்று டீச்சரே சொல்லியிருக்கிறார். தம்பியின் நண்பர்கள் பேசுவது களக்காட்டுத் தமிழும் பேட்டைத் தமிழும். தம்பி முதலில் எழுதியதை மறுபடி பாருங்கள். அவர் அம்மா கடையில் சொன்னதில் முன்னால் ஒரு அண்ணாச்சி, பின்னால் ஒரு அண்ணாச்சி. அந்தச் செய்தியில் முன்னால் ஒரு சார், பின்னால் ஒரு சார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது.

---

அம்பை டீச்சர் எழுதியது:

அண்ணாச்சி, நீங்கள் சொல்வதுதான் சரி. நான் புத்தகத்தில் இருக்கிற தமிழை என் ஊர்த் தமிழ் என்று நினைத்து எழுதிவிட்டேன். பதினாலு வருடமாக இது எனக்குத் தோன்றவில்லை. என் டப்பாவில் இருந்த 'கொடை மிஸ்', 'சாமியாடி மிஸ்', 'நோ ஸ்லீப் மிஸ்' மூன்றும் நீங்கள் சொன்ன இடத்தில்தான் நிற்கின்றன.

தம்பி, '-ங்க' கணக்கை விட்டுவிடு. உன் ஆய்வேட்டின் நடுத்தூண் இப்போது கிடைத்துவிட்டது. 93 சார் எந்தப் பெட்டியிலும் அடங்கவில்லை என்று கவலைப்பட்டாய். அடங்காததுதான் நீ கண்டது. பெட்டிக்குள் அதைத் திணிக்காதே. கூப்பிடுகிற சொல் முன்னால் வந்து கவனத்தைத் திருப்பும் என்கிறது அந்தப் பிரிவு. நெல்லைப் பிள்ளைகளின் இங்கிலீஷில் அதே சொல் வாக்கியம் முடிகிற ஒவ்வொரு இடத்திலும் வந்து வேறொரு வேலை செய்கிறது. கவனத்தை ஏற்கெனவே திருப்பியாயிற்று, பின்னால் வருவது எதற்கு? இந்த ஒரு கேள்விக்கு ஒரு முழு சாப்டர் கொடு.

அதைச் சோதிக்க வழி இருக்கிறது. லீவு கேட்காத செய்திகளையும் கொஞ்சம் சேர். 'பஸ் லேட் சார்', 'நோட்ஸ் ரிசீவ்ட் மேம்' மாதிரி, எதுவும் கேட்காமல் தகவல் மட்டும் சொல்கிறவை. அதிலும் பின்னால் சார் வந்தால், அது வேண்டுகோளை மென்மையாக்க வந்தது என்று சொல்ல முடியாது, பொதுவான மரியாதை. வேண்டுகோளில் மட்டும் கூடுகிறது என்றால் கதை வேறு. இரண்டில் எதுவாக இருந்தாலும் உனக்கு லாபம்தான்.

இன்னொரு காரியம். 56 செய்தியில் இருபதை எடுத்து, உன் விடை தெரியாத ஒரு நண்பரிடம் கொடுத்து, மனப்பாட வாசகம் எங்கே முடிகிறது என்று கோடு போடச் சொல். உன் கோடும் அவர் கோடும் எத்தனையில் ஒத்துப்போகிறது என்று பார். இந்த ஒப்புமையை அளக்க கோஹன் 1960-ல் தந்த கப்பா என்ற கணக்கு இருக்கிறது. வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் 'நீயாகப் பார்த்துப் போட்ட கோடுதானே' என்று கேட்டால் உன்னிடம் பதில் இருக்க வேண்டும். சொற்களை எண்ண ஆன்ட்காங்க் என்று லாரன்ஸ் ஆந்தனி செய்த மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. வெறும் டெக்ஸ்ட் கோப்பாகப் போட்டால் 'சார்' வருகிற ஒவ்வொரு வரியையும் அடுக்கிக் காட்டும். வேர்டின் திருத்தத்தை நீயே கண்டுபிடித்தது எனக்கு மிகவும் சந்தோஷம்.

மேற்கோள் முறையை இப்போதே கைடிடம் கேட்டு வைத்துக்கொள். இலக்கியத்துக்கு எம்.எல்.ஏ. என்ற முறை பழக்கம், மொழியியலில் ஆசிரியர் பெயரோடு ஆண்டும் வருகிற ஏ.பி.ஏ.தான் வசதி. எது என்றாலும் கடைசி வாரம் மாற்ற உட்கார்ந்தால் தூக்கம் போய்விடும். பிறர் எழுதியதிலிருந்து எடுத்திருக்கிறதா என்று பார்க்கிற சோதனையில், பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி பத்து சதவீதம் வரை தண்டனை இல்லை. உன் செய்திகளும் நீ அவற்றை அலசுவதும் வேறெங்கும் இருக்காது, ஆகவே அங்கே பயம் இல்லை. இரண்டாவது சாப்டரில்தான் கவனம் வேண்டும், படித்ததை மூடி வைத்துவிட்டு உன் சொல்லில் எழுது.

வைவாவில் 'ஆங்கிலத் துறையில் திருநெல்வேலித் தமிழுக்கு என்ன வேலை' என்று யாராவது கேட்பார்கள். கால்டுவெல் நம் இடையன்குடியில் வாழ்ந்தவர். 1856-ல் வந்த அவர் ஒப்பிலக்கணம் இங்கிலீஷில் எழுதிய புத்தகம். ஒரு மொழியை இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வேலை நம் மண்ணுக்குப் புதிதில்லை என்று மரியாதையாகச் சொல். 'இது பிழையா, இந்திய இங்கிலீஷா' என்றும் கேட்பார்கள். அதைத் தீர்ப்புச் சொல்ல நீ போகவில்லை, அந்தச் சொல் அங்கே என்ன வேலை செய்கிறது என்று பார்க்கத்தான் போனாய். தைரியமாக அதையே சொல்.

---

தென்காசித் தூறல் எழுதியது:

தம்பி, வியாழக்கிழமை அரை மணி நேரம் கிடைத்தது பெரிய விஷயம். ஒவ்வொரு வியாழனும் ஒரு பக்கமாவது எழுதிக் கையில் கொண்டு போ. வெறுங்கையோடு ஒரு வாரம் போனால் அடுத்த வாரம் அந்த அரை மணி நேரம் இருக்காது. இரண்டாவது ஆளாகக் கோடு போட ஒருவர் வேண்டும் என்றால் நான் போடுகிறேன்.

---

முக்கூடல்காரன் எழுதியது:

கைடு இன்றைக்கு சினாப்சிஸில் கையெழுத்துப் போட்டுவிட்டார். தலைப்பில் 'பிழைகள்' என்று எழுதியிருந்ததை அவரே அடித்துவிட்டு 'விளிச்சொற்கள்' என்று மாற்றினார்.

கோவை அண்ணாச்சி சொன்னதற்குப் பிறகு அம்மாவிடம் கேட்டேன், கடையில் பேசுவதை எழுதிக்கொள்ளலாமா என்று. "என்னத்த பேசுதோம், அதையும் எழுதணுமாக்கும்" என்றார். அப்புறம் சரி என்றார். கூட வரிசையில் நிற்கும் அக்காமார்களிடமும் அம்மாவே கேட்டு வைத்தார். போனில் பதிவு செய்யப் போவதில்லை, கடைக்காரருக்குச் சங்கடமாக இருக்கும். அவரிடமும் சொல்லிவிட்டேன், வீட்டுக்கு வந்ததும் நினைவில் இருப்பதை எழுதுகிறேன். மூன்று நாளில் பதினேழு வேண்டுகோள் கிடைத்தது. பதினான்கில் கடைசிச் சொல் 'அண்ணாச்சி'. மீதி மூன்றும் ஒரே பாட்டியுடையது. கடைக்காரர் பிறந்ததிலிருந்து அவரைத் தெரிந்தவர். அவர் மட்டும் 'எய்யா' என்கிறார்.

தூறல் அக்கா, இருபது செய்தியை எண் போட்டு இன்று ராத்திரி தனிச்செய்தியில் அனுப்புகிறேன். பெயர் எதுவும் இருக்காது. டீச்சர், அந்தச் செருப்பு டப்பாக் கடிதங்கள் இன்னும் இருந்தால், கொடைக் கடிதத்தை மட்டும் பெயரை மறைத்து ஒரு நகல் தருவீர்களா டீச்சர்? சனிக்கிழமை அம்பாசமுத்திரம் பஸ் ஏறி நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.